பத்தாம் மணியின் ஆறு குப்பிகள்

டைட்டஸுக்கு உட்காரத் தெரியாது. சிலருக்குப் பாடத் தெரியாது, சிலருக்குச் சமைக்கத் தெரியாது, அவனுக்கு உட்காரத் தெரியாது, அவ்வளவுதான். டவுண் பஸ்ஸில் பாதி இருக்கை காலியாகக் கிடந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மாதா கோயிலில் பூசைக்குப் போனால் பிரசங்கம் தொடங்கியதும் வாசல் பக்கம் நகர்ந்துவிடுவான். முடிவெட்டுகிறவர், "தம்பி, காது வேணுமா வேண்டாமா?" என்று கேட்டே கத்தரியை எடுப்பார்.

சொந்த ஊர் உவரி. பன்னிரண்டு வயதில் அப்பா தொம்மை அவனை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார். இவன் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதும் அந்தப் பக்கம் தாவுவதுமாக இருந்ததில் வள்ளம் இரண்டு தரம் ஒருச்சாய்ந்தது. "இவன் வள்ளத்துல இருந்தா நாம எல்லாரும் மீனுக்குத் தீனிதாம்லே" என்று அன்றைக்கே கரையில் இறக்கிவிட்டார். பிறகு அவனுக்கு வாய்த்தது கரைமடி மட்டும்தான். கரையில் வரிசையாக நின்று கயிற்றைப் பற்றிப் பின்னால் நடந்து நடந்து வலையை இழுக்கிற வேலை. அதில் உட்கார இடமே இல்லை என்பதால் ஊரிலேயே நல்ல இழுப்புக்காரன் என்று பெயர் வாங்கினான்.

அப்படிப்பட்டவன் படித்து வந்து சேர்ந்த வேலையைக் கேளுங்கள். பேட்டையில் ஒரு மாத்திரை கம்பெனி. அதன் ஆய்வுக்கூடத்தில் பதினாறு வருடமாக மாத்திரை கரைவதை உட்கார்ந்து பார்க்கிறான். உடம்புச் சூட்டில் வைத்த தண்ணீர்த் தொட்டிக்குள் ஆறு கண்ணாடிப் பாத்திரம். குடலில் இருப்பது போன்ற திரவம் ஒவ்வொன்றிலும் முக்கால் பாகத்துக்கு மேல். பாத்திரத்துக்கு ஒரு மாத்திரை, ஒரு துடுப்பு. துடுப்பு நிதானமாகச் சுற்றும், மாத்திரை நிதானமாகக் கரையும். குறித்த நேரத்தில் ஆறிலிருந்தும் கொஞ்சம் திரவத்தை உறிஞ்சி ஆறு குப்பிகளில் ஊற்றி, நூற்றுக்கு எவ்வளவு மருந்து வெளியே வந்திருக்கிறது என்று கருவியில் பார்க்க வேண்டும். நாள் முழுக்க வேலை செய்கிற மாத்திரை என்றால் பன்னிரண்டு மணி நேரம் இதே கதை. ஒரு துடுப்புக்குக்கூட லாயக்கில்லை என்று கடல் துரத்திய ஆளைக் கம்பெனி ஆறு துடுப்புக்குக் காவல் வைத்திருந்தது.

இருப்புக் கொள்ளாமல்தான் அந்தப் பழக்கம் தொடங்கியது. கருவியில் எண் தெரிவதற்கு முன்னால், இவ்வளவுதான் வரும் என்று ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிவைப்பான். முதல் வருடம் எண் பத்து வரை தப்பும். ஐந்தாம் வருடம் மூன்று தப்பியது. பிறகு ஒன்றுகூடத் தப்பாத நாட்கள் வரத் தொடங்கின. மாத்திரையைக் கையில் வாங்கி நகத்தால் ஒரு தட்டு தட்டிவிட்டு, "எட்டாம் மணியில எழுபத்திரண்டு" என்பான். எழுபத்திரண்டேகால் வரும். ஆய்வுக்கூடத்துத் தலைவர் குருபிரசாத் நாங்குநேரிக்காரர், வீண்பேச்சு பிடிக்காதவர். ஒருநாள் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தவர் ஒரு மணி நேரம் திருப்பித் தரவில்லை.

அப்போது கம்பெனி புதிதாக ஒரு மூட்டுவலி மாத்திரை செய்துகொண்டிருந்தது. ஒரே மாத்திரையில் இரண்டு அடுக்கு. மேலே ரோஸ் அடுக்கு, மருந்தில் கால் பங்கு. விழுங்கிய கால் மணியில் பொடிந்து வலியை அடக்கும். கீழே வெள்ளை அடுக்கு, முக்கால் பங்கு. கஞ்சி போல ஊறி, காலையிலிருந்து மாலை வரை மருந்தைச் சிறிது சிறிதாக விடும். அவசரக்காரனையும் நிதானக்காரியையும் ஒரே வீட்டில் குடிவைத்த மாதிரி. டைட்டஸின் வீடும் அப்படித்தான்.

அவன் மனைவி கிரேஸி டவுணில் வடக்கு ரத வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் முதல் மாடிப் புடவைப் பகுதியில் நிற்கிறாள். ஒன்பது வருடமாக நிற்கிறாள். உட்கார ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், ஆனால் கூட்டம் உட்கார விடுவதில்லை. காலை ஆறு மணிக்கு ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்புவாள். மத்தியானம் தாண்டியதும் அதன் தெம்பு வடியும். "கடையில கடிகாரம் எதுக்கு? நாலு அடிச்சா என் கால் முட்டு சொல்லிரும்" என்பாள். புது மாத்திரையைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளிலிருந்து வாரம் ஒருதரமாவது கேட்டுவிடுவாள்: "உங்க ரெட்டை மாத்திரை எப்பங்க வரும்?"

சீக்கிரம் வருவதற்கான வழியையும் டைட்டஸே சொன்னான். ரோஸ் அடுக்கைத் தனியாகக் கரைத்துப் பார், வெள்ளை அடுக்கைத் தனியாகக் கரைத்துப் பார்; இரண்டையும் அதனதன் பங்குக்குக் கூட்டினால் சேர்ந்த மாத்திரை எந்த மணிக்கு எவ்வளவு விடும் என்று கணக்கே சொல்லிவிடும். விழுங்கிய பத்தாம் மணியில் வெள்ளை அடுக்கு தன்னிடம் உள்ளதில் முக்கால்வாசி விட்டிருக்கும், ரோஸ் அடுக்கு முழுக்கவே விட்டிருக்கும், கூட்டினால் எண்பத்தொன்று. குருபிரசாத் அதை அழகான சூத்திரமாக எழுதினார். மூன்று தொகுதி மாத்திரைகளில் கணக்கும் சோதனையும் ஒத்துப்போனால் தலைமை அலுவலகம் ஒப்புக்கொள்ளும். அதன் பிறகு பன்னிரண்டு மணி நேரம் உட்கார வேண்டாம். நாலு மணி நேரம் ஓட்டினால் போதும், மிச்சத்தைக் கணக்கு பார்த்துக்கொள்ளும்.

"சூத்திரம் ஜெயிச்சா உம்மைத் தயாரிப்புப் பக்கம் மேற்பார்வைக்குப் போட்டிருவேன் வே. நாள் முழுக்க நடந்துக்கிட்டே இருக்கலாம்" என்றார்.

நாள் முழுக்க நடக்கிற வேலை! டைட்டஸுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். முதல் தொகுதி ஒத்துப்போனது. இரண்டாவதும் ஒத்துப்போனது. மூன்றாவதை ஓட்ட வேண்டிய வியாழக்கிழமைதான் நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம்.

ஜவுளிக் கடைகள் தவிர ஊருக்கே விடுமுறை. ஆய்வுக்கூடத்தில் டைட்டஸ் மட்டும், கேட்டில் வாட்ச்மேன் ஐயம்பெருமாள் மட்டும். காலை ஆறுக்கு மாத்திரைகளைப் போட்டான். கால் மணி, அரை மணி, ஒரு மணி என்று எடுத்து, இரண்டு மணிக்கு எட்டாம் மணியின் குப்பிகளையும் எடுத்து முடித்தான். எழுபத்திரண்டு. நோட்டிலும் எழுபத்திரண்டு. அடுத்தது பத்தாம் மணி, அது நாலு மணிக்குத்தான். டவுண் பக்கமிருந்து மேளச் சத்தம் காற்றில் வந்து வந்து போனது. கால் தானாக ஆடியது. 'பத்து நிமிசத்துல டவுண். தேரைப் பார்த்துட்டு மூணரைக்கு வந்துருவேன்' என்று வண்டியை எடுத்தான்.

பார்க்கத்தான் போனான். வடக்கு ரத வீதி முனையில் தேர் திரும்ப முடியாமல் நின்றுகொண்டிருந்தது. கை கனத்துக்கு வடம், அதைப் பிடித்து நூற்றுக்கணக்கான கைகள். கரைமடிக் கயிறு பிடித்து வளர்ந்தவன் கண்ணெதிரே ஒரு கயிறு கிடந்தால் என்ன செய்வான்? கை துறுதுறுத்தது. நமக்கென்ன என்று ஒருதரம் திரும்பிக்கூட நடந்தான். மறுநிமிடம் வடத்தில் இருந்தான். எல்லோரும் முன்னால் பார்த்து இழுக்க, இவன் ஒருவன் மட்டும் பழைய பழக்கத்தில் தேரைப் பார்த்து நின்று பின்னால் நடந்து இழுத்தான். பக்கத்தில் இருந்தவர், "அண்ணாச்சி, எந்த ஊரு நீங்க?" என்று சிரித்தார். தேர் அசைந்தது. ஊரே கத்தியது. டைட்டஸும் கத்தினான். அத்தனை சந்தோஷம் அவனுக்கு எத்தனையோ வருடமாக வாய்த்ததில்லை.

வடத்துக்குள் நுழைவது எளிது, வெளியே வருவதுதான் கஷ்டம். முன்னும் பின்னும் ஆள், பக்கவாட்டில் ஆள், நடுவில் தேர் நகர நகர நாமும் நகர வேண்டும். மணியைப் பார்க்கக் கையை உயர்த்தக்கூட இடமில்லை. ஒருவழியாகப் பார்த்தபோது மூன்று ஐம்பது. வண்டி தேருக்கு அந்தப் பக்கம். முட்டி மோதி, திட்டு வாங்கி, வண்டியை எடுத்து, ஆய்வுக்கூடத்துக்குள் ஓடி வந்தபோது நாலு நாற்பது.

துடுப்புகள் தம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. சோதனை விதிப்படி இரண்டு நிமிடம் முன்பின் ஆகலாம். நாற்பது நிமிடம் ஆகக் கூடாது. நடந்ததை நடந்தபடி எழுதினால் மூன்றாம் தொகுதிச் சோதனை செல்லாது. திங்கட்கிழமை தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டிய அறிக்கை நிற்கும். காரணம் என்ற இடத்தில் தேர் இழுக்கப் போனேன் என்று எழுத வேண்டும். டைட்டஸ் குப்பிகளைத் தொடாமல், நின்றபடியே பேனாவை எடுத்தான். கருவி பழசு, அது காட்டும் எண்களை நாம்தான் பதிவேட்டில் கையால் எழுத வேண்டும். நேரம் நாலு மணி. ஆறு பாத்திரத்துக்கும் ஆறு எண்: எண்பத்தொன்று, எண்பத்தொன்றேகால், எண்பதேமுக்கால்... எல்லாம் சூத்திரம் சொன்ன எண்ணைச் சுற்றி.

எழுதி முடித்த பிறகுதான் பாத்திரங்களைக் குனிந்து பார்த்தான். நான்கில் வெள்ளை அடுக்கு வழக்கம்போல ஊறிக் கிடந்தது. மூன்றாவதிலும் ஆறாவதிலும் அது இரண்டாகப் பிளந்திருந்தது.

ஆறு மணிக்குக் கடைசிக் குப்பிகளை ஒழுங்காக எடுத்தான். நாலு பாத்திரத்தில் தொண்ணூற்று இரண்டு. மூன்றாவதிலும் ஆறாவதிலும் தொண்ணூற்று எட்டு, தொண்ணூற்று ஒன்பது. தொண்ணூறுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் விதி, ஆகவே எல்லாம் தேர்ச்சி. ஆனால் பதினாறு வருடம் எண் சொல்லியே பழகியவனுக்கு அந்த இரண்டும் தொண்டையில் சிக்கிய முள் மாதிரி நின்றன.

மறுநாள் காலை உதவி ஆய்வாளர் பிரியதர்ஷினி குப்பிகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "அண்ணாச்சி, ஒன்பது தரம் எடுத்தா அம்பத்துநாலு குப்பி வரணும்லா? நாப்பத்தெட்டுதானே கிடக்கு?"

"ஆறு உடைஞ்சிட்டு."

"ஆறுமா? அய்யோ, கண்ணாடி எங்கன கிடக்கோ" என்று அவள் துடைப்பத்தை எடுத்து மேசைக்கு அடியில் தேடத் தொடங்கினாள். இல்லாத கண்ணாடியை அந்தப் பெண் அரைமணி நேரம் கூட்டினாள். டைட்டஸ் வெளியே போய் மூன்று டீ குடித்தான்.

அன்று சாயங்காலம் கிரேஸி குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "நேத்தே சொல்லணும்னு இருந்தேன், அசதியில தூங்கிட்டேன். தேர் இழுத்தியல்லா? மாடி ஜன்னல்லருந்து நான் பார்த்துட்டேன். ஊரே ஒரு பக்கம் பார்த்து இழுக்கு, என் மாப்பிள்ளை மட்டும் மறுபக்கம் பார்த்து இழுக்காருன்னு கடைப்பிள்ளைககிட்ட எல்லாம் காட்டினேன்."

"எத்தனை மணி இருக்கும் அப்ப?" இதை ஏன் கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"நாலுக்குக் கொஞ்சம் முன்ன. முட்டு வலிக்க ஆரம்பிச்சிட்டு, அதான் ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்." திரும்பிப் பார்த்தாள். "என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிய?"

நாலு மணிக்கு அவன் எங்கே இருந்தான் என்று நேரத்தோடு சொல்லக்கூடிய சாட்சி ஒன்று இருந்தது, அது அவன் வீட்டிலேயே மீன் கழுவிக்கொண்டிருந்தது. டைட்டஸ் குசினிக்கும் வாசலுக்கும் நடந்தான். பிறகு நடந்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். கிரேஸி மீனைக் கழுவி முடித்தாள், மஞ்சள் தடவினாள், கையைத் துடைத்தாள். அவளுக்கு எதிலும் அவசரம் கிடையாது.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. காலையில ஆறு மணிக்கு அதைப் போட்டா, நாலு மணிக்கு உள்ள மருந்து மிச்சம் இருக்குமா, இல்லையா?"

"கணக்குப்படி இருக்கும்."

"கணக்கைக் கேக்கல. பார்த்தவுக யாராச்சும் உண்டா?"

"இல்ல."

அவள் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். டைட்டஸுக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை, சனிக்கிழமை முழுக்க நெருப்பில் நிற்பது போல இருந்தது. கணக்கு சரியா என்று பார்க்கத்தான் சோதனை. அந்தச் சோதனையின் விடையைக் கணக்கிடமே கேட்டு எழுதிவிட்டான். அப்புறம் ஒத்துப்போகாமல் எப்படிப் போகும்? திங்கட்கிழமை அறிக்கை போய்விட்டால் இனி எந்த மாத்திரையையும் பத்தாம் மணியில் யாரும் பார்க்கவே போவதில்லை. பத்தாம் மணி என்பது ஏதோ ஒரு எண் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். அது கிரேஸி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நேரம்.

ஞாயிறு விடியும் முன்னே கம்பெனிக்குப் போனான். பூசைக்குக் கிரேஸி தனியாகப் போய்க்கொண்டாள். கேட்டில் வண்டிச் சாவியை ஐயம்பெருமாளிடம் நீட்டினான்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு முன்ன நானே வந்து கேட்டாலும் குடுக்காதீய அண்ணாச்சி."

"அது சரி" என்று அவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மூன்றாம் தொகுதியில் ஒதுக்கி வைத்திருந்த மாத்திரைகளில் ஆறை எடுத்து, காலை ஆறுக்குப் போட்டான். ஸ்டூலைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒரு காலை இன்னொரு காலால் அமுக்கிக்கொண்டான். பத்து மணிக்கு முதுகு பிடித்தது. பன்னிரண்டுக்கு ஊரில் அப்பாவுக்கு போன் பண்ண வேண்டும் போலிருந்தது, பண்ணவில்லை. இரண்டு மணிக்கு எட்டாம் மணியின் குப்பிகள்: எழுபத்திரண்டு, வியாழக்கிழமை மாதிரியே. இரண்டரைக்கு எப்படியோ கேட்டில் நின்றுகொண்டிருந்தான்.

"சாவி குடுங்க அண்ணாச்சி, ஒரு டீ குடிச்சிட்டு ஓடி வந்துருதேன்."

"காலையில வந்த ஆளு குடுக்காதன்னு சொல்லிட்டுப் போனாரு வே" என்றார் ஐயம்பெருமாள், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

திரும்பி வந்து உட்கார்ந்தான். மூன்று ஐம்பதுக்கு மூன்றாம் பாத்திரத்தையும் ஆறாம் பாத்திரத்தையும் பார்த்தான். சரியாகத்தான் இருந்தன. இரண்டாம் பாத்திரத்தில் வெள்ளை அடுக்கு பிளந்து கிடந்தது. ஐந்தாவதிலும். ரோஸ் அடுக்கு தனியாகப் பொடிந்து போகவில்லை. போகும்போது ஒட்டியிருந்த வெள்ளையைப் பிய்த்து ஒரு வெடிப்பு விட்டுப் போயிருக்கிறது, வெடிப்பு வழியே மெல்ல மெல்லத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இரண்டையும் தனித்தனியே கரைத்தபோது அந்த வெடிப்புக்கு வழியே இருந்திருக்காது. ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் ஒருவரையொருவர் பாதிக்காமல் இருப்பார்கள் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான்.

சரியாக நாலு மணிக்கு ஆறையும் எடுத்தான். கருவிக்கு முன்னால் பழக்கதோஷத்தில் கோடு போட்ட நோட்டைத் திறந்தான். பேனா மூடியைக் கழற்றினான். பிறகு ஒன்றும் எழுதாமல் நோட்டை மூடிவிட்டுக் குப்பியைக் கருவிக்குள் வைத்தான். எண்பதரை. தொண்ணூற்று ஐந்து. எண்பத்திரண்டு. எண்பத்தொன்று. தொண்ணூற்று ஆறு. எண்பது.

நாலு பேருக்கு நாலு மணிக்கு மருந்து இருக்கும். இரண்டு பேருக்கு இருக்காது, அதற்குள்ளேயே அநேகமாக எல்லாம் கொட்டித் தீர்ந்திருக்கும்.

பதிவேட்டில் வியாழக்கிழமைப் பக்கத்தைத் திறந்து பத்தாம் மணி வரிசையின் மேல் ஒரே ஒரு கோடு போட்டான், கீழே இருக்கும் எண் தெரியும்படி. பக்கத்தில், 'இந்தக் குப்பிகளை நான் எடுக்கவில்லை' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டான். வாழ்க்கையில் முதல்தடவையாகக் கால் ஆடவில்லை.

திங்கட்கிழமை குருபிரசாத் அந்தப் பக்கத்தைப் படித்தார். எழுந்து கதவைச் சாத்தினார்.

"உமக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா வே? இதை எவன் கண்டுபிடிக்கப் போறான்?"

"என் வீட்டுக்காரி ஜன்னல்லருந்து பார்த்துட்டா சார்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. டைட்டஸ் ஞாயிற்றுக்கிழமை எண்களை எடுத்து அவர் முன்னால் வைத்தான். அறிக்கை போகவில்லை. மூன்றாம் தொகுதியைப் பூட்டி வைத்தார்கள். நடக்கிற வேலை வேறொருவனுக்குப் போனது. டைட்டஸ் ஒரு வருடத்துக்கு எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. அவன் குப்பி எடுக்கும்போது பிரியதர்ஷினி பக்கத்தில் நின்று பார்த்து, அவள் கையெழுத்திட வேண்டும். முதல் நாள் அந்தப் பெண் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "குப்பியைப் பாரும்மா" என்று அவனே சொன்னான். அவமானமாகத்தான் இருந்தது.

இரண்டு அடுக்கையும் ஒட்டி அழுத்துகிற முறையை மாற்றிப் பார்த்தார்கள், மறுபடி மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு மணி நேரம். மாத்திரை இன்னும் கடைக்கு வரவில்லை.

இந்த வருட ஆனித் தேரோட்டத்துக்கும் ஊருக்கு விடுமுறை. சாயங்காலம் டைட்டஸ் வீடு திரும்பியபோது கிரேஸி வெந்நீரில் காலை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"நாலு மணிக்கு வடத்துல உங்களைத் தேடினேன். காணோம்."

"பாத்திரத்துக்கிட்ட நின்னேன்."

"தெரியும். ஆனாலும் தேடினேன்."

அவன் தரையில் அவள் எதிரே உட்கார்ந்தான். "நாலு மணின்னு எப்படித் தெரியும்? கடிகாரம் பார்த்தியா?"

"கடிகாரம் எதுக்கு?" என்று கிரேஸி முழங்காலைத் தடவிக்கொண்டாள்.